நடந்து வென்ற நகரம்

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்கா என்று சொன்னவுடனே நம் கண்முன் தோன்றுவன எவை? விண்ணை முட்டும் மாளிகைகள். அவற்றின் அடியில் எறும்புச் சாரைபோல் ஊர்ந்திடும் கார்கள். வீட்டுக்கொரு கார், ஏன், ஆளுக்கொரு கார் என்று வாழ்ந்திடும் மக்கள். அந்த நாட்டைப் பற்றிப் பேச வந்தவன், கார்களைப் பற்றிப் பேசாமல் கால்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், சிலர் புன்னகை புரியக்கூடும். புரியட்டும். ஒரு நாட்டின் தன்மையை அறிந்திட, அங்கே காரில் போகிறவன் எவ்வளவு வேகமாகப் போகிறான் என்று பார்ப்பது போதாது. நடந்து போகிறவன் எப்படி நடத்தப்படுகிறான் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

காலையில் எழுந்து வேலைக்கு நடந்து போவது எளிய செயல். அதற்குச் சட்டம் ஏன், சர்க்கார் ஏன், அரசியல் ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆனால், அந்த எளிய செயலை ஆயுதமாக்கி, ஆதிக்கத்தை அடிபணிய வைத்த நகரம் ஒன்று அமெரிக்காவிலே உண்டு. அதே நகரத்திலே, வென்றவர்களின் பிள்ளைகளுக்கு ஏறிட பஸ்ஸும் இல்லாமல், நடந்திட நல்ல பாதையும் இல்லாமல் செய்த கொடுமையும் உண்டு. அந்த நகரம் அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரி.

381 நாட்கள்

1955-ஆம் ஆண்டு. மாண்ட்கோமரி நகர பஸ்களில் முன்வரிசை இருக்கைகள் வெள்ளையருக்கு, பின்வரிசை கறுப்பினத்தவருக்கு. இடையிலுள்ள இருக்கைகளில் கறுப்பினத்தவர் அமரலாம். ஆனால் வெள்ளையர் ஒருவர் நிற்க நேர்ந்தால், அந்த வரிசை முழுவதும் எழுந்துவிட வேண்டும். காசை முன்புற வாயிலில் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்புற வாயிலுக்கு ஓடி ஏறவேண்டும். அவர்கள் ஓடி வருவதற்குள் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்ட ஓட்டுநர்களும் உண்டு. காசு பெட்டியிலே, காசு கொடுத்தவர் தெருவிலே!

அவ்வாண்டு மார்ச் 2-ஆம் நாள், 15 வயது மாணவி கிளாடெட் கால்வின் எழுந்திட மறுத்தார், கைது செய்யப்பட்டார். டிசம்பர் 1-ஆம் நாள், கடையொன்றில் தையல் வேலை செய்து வந்த ரோசா பார்க்ஸ் எழுந்திட மறுத்தார். அவரும் கைது செய்யப்பட்டார். அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், இரவெல்லாம் கண்விழித்து, பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்பதே அவர் விடுத்த செய்தி.

டிசம்பர் 5, திங்கட்கிழமை. பொழுது விடிந்தது. பஸ்கள் வந்தன, வெறுமையாக. நடைபாதைகளிலே மக்கள் வந்தனர், வரிசை வரிசையாக. அதுவரை அந்த பஸ்களில் ஏறி வந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் பஸ் ஓடிற்று. அவர்களுக்குத்தான் அதில் இடம் இல்லை! அந்த ஒரு நாள் 381 நாட்களாக நீண்டது. தலைமை ஏற்ற பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26.

தோழர்களே! அந்த 381 நாட்களும் நடந்தவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் பெண்கள். வெள்ளையர் இல்லங்களில் சமைப்பவர், துவைப்பவர், குழந்தை வளர்ப்பவர். விடியுமுன் எழுந்து, தம் வீட்டு அடுப்பை மூட்டிவிட்டு, பல மைல் நடந்து, பிறர் வீட்டு அடுப்பை மூட்டச் சென்றவர்கள். மாலையிலே, நாளெல்லாம் நின்று வேலை செய்த அதே கால்களோடு, மீண்டும் பல மைல் நடந்தவர்கள். மேடையில் பேசியவர்களின் பெயர்கள் வரலாற்றிலே உள்ளன. இவர்களில் பலரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், அவர்கள் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கால் வலிக்கிறது என்று பஸ் ஏறியிருந்தால், மேடையில் இருந்தவர்களின் வீரம் என்னாகியிருக்கும்!

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சமையற்காரி நடந்து வருவதற்குள் காலை உணவு காலந்தாழ்கிறதே என்று, வெள்ளைச் சீமாட்டிகள் பலர் தாமே காரை எடுத்துக்கொண்டு போய் அவர்களை அழைத்து வரலாயினர். மேயர் கேயில் பதறினார். வேலைக்காரிகளைக் காரில் ஏற்றாதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். சீமாட்டிகள் பலர் செவிசாய்க்கவில்லை. நிறவெறி பெரிதுதான், ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு அதனினும் பெரிதாயிற்று!

ஆளவந்தார் சும்மா இருந்தனரா? கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 செண்டுக்கே ஆட்களை ஏற்றினர். 45 செண்டுக்குக் குறைந்தால் குற்றம் என்று சட்டத்தைக் காட்டினர். மக்கள் தம் கார்களைத் திரட்டி, சுமார் 300 கார்களைக் கொண்டு ஆட்களை ஏற்றிச் சென்றனர். போலீசார் அந்த ஓட்டுநர்கள்மீது வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். கார்களுக்கு இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டது. இலண்டன் மாநகரின் லாயிட்ஸ் மூலம் இன்சூரன்ஸ் பெற்றனர். 1956 ஜனவரி 30-ஆம் நாள் கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, தலைவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினர். இறுதியில், கார் ஏற்பாட்டையே நீதிமன்றத் தடை கொண்டு நிறுத்தினர். கடைசி வாரங்களில் கார் உதவியும் இல்லை, காலே கதி. நடந்தனர்.

1956 நவம்பர் 13-ஆம் நாள், பஸ்களில் நிறப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்ற தீர்ப்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் நான்கு பெண்கள். கிளாடெட் கால்வின் அவர்களுள் ஒருவர். ஆணை வந்து சேர்ந்தது டிசம்பர் 20-ஆம் நாள். மறுநாள் மக்கள் பஸ் ஏறினர், முன்புற வாயில் வழியாகவே!

வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் பெரியார் சிறை சென்ற வரலாற்றைப் படித்தவர்கள் நாம். ஆகவே, நடப்பது என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

பஸ்ஸுக்குப் பின்னே யார்?

வெற்றி முரசு கொட்டி, கதையை இங்கேயே முடித்துவிடலாம். பாடநூல்கள் பலவும் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால், அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட்டால், பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

முதலில், அந்த பஸ் யாருடையது? மாண்ட்கோமரி பஸ்களை ஓட்டிய கம்பெனி, சிகாகோவிலிருந்து இயங்கிய நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற பெருநிறுவனத்தின் கிளை. அப்பெருநிறுவனத்தில் பணம் போட்டவர்கள் கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ், டயர் செய்யும் ஃபயர்ஸ்டோன், எண்ணெய் விற்கும் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆகியோர். பல நகரங்களின் போக்குவரத்தை வாங்கி, டிராம்களை அகற்றி, பஸ்களை ஓட்டினர். அந்த பஸ்களையும் அவற்றுக்கான பொருள்களையும் தங்களிடமே வாங்கவேண்டுமென்று கூட்டுச் சதி செய்த குற்றத்துக்காக, 1949-இல் சிகாகோ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். தண்டனை என்ன தெரியுமா? ஜெனரல் மோட்டார்சுக்கு 5,000 டாலர் அபராதம். அதன் பொருளாளருக்கு 1 டாலர்! ரோசா பார்க்சுக்கு எழ மறுத்ததற்காக 10 டாலர் அபராதம், அதன்மேல் 4 டாலர் நீதிமன்றச் செலவு. நீதியின் தராசு எப்பக்கம் சாய்ந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமோ!

டிராம்கள் அழிந்ததற்கு அச்சதி ஒன்றே காரணம் என்று கூறேன். அவை ஏற்கெனவே நட்டத்தில் தள்ளாடின. கார்கள் தெருவை அடைத்து அவற்றின் வேகத்தைக் கெடுத்தன. ஆயினும், நகர் முழுவதும் மின்சார டிராம் ஓடிய முதல் அமெரிக்க நகரம் என்று 1886-இல் புகழ்பெற்றதே இந்த மாண்ட்கோமரிதான். 1900-இல் அந்த டிராமிலும் நிறப் பிரிவினை புகுத்தப்பட்டபோது, கறுப்பின மக்கள் அதைப் புறக்கணித்து நடந்தனர். பாட்டனும் நடந்தான், பேரனும் நடந்தான். 1936-இல் டிராம் நின்றே போயிற்று.

தெரு யாருக்குச் சொந்தம்?

இப்பொழுது, மாண்ட்கோமரியை விட்டு அமெரிக்க நகரங்களைப் பொதுவாகக் காண்போம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்நகரங்களின் தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நடப்பவர் நடுத்தெருவிலும் நடந்தனர், குழந்தைகள் ஆடினர், வண்டிதான் ஒதுங்கிச் சென்றது. கார் வந்தது, மக்கள் மாண்டனர், அதிலும் குழந்தைகள் ஏராளமாக மாண்டனர். கொதித்தெழுந்த சின்சினாட்டி நகர மக்கள், எந்தக் காரும் மணிக்கு 25 மைலுக்குமேல் ஓட இயலாதபடி கருவி பொருத்த வேண்டுமென்று, 1923-இல் சுமார் 42,000 பேர் கையொப்பமிட்டு வாக்கெடுப்புக் கோரினர். கார் வணிகர்கள் திரண்டனர். பணத்தை வாரி இறைத்தனர். மக்கள் கோரிக்கை தோற்றது.

அதன்பின் அவ்வணிகர்கள் புதியதொரு வழி கண்டனர். மாண்டவனையே குற்றவாளி ஆக்கும் வழி! ஆங்கிலத்திலே 'ஜே' என்றால் அந்நாளில் பட்டிக்காட்டான் என்று பொருள். தெருவைத் தன் விருப்பப்படி கடப்பவனுக்கு 'ஜேவாக்கர்' என்று பெயரிட்டனர். அதாவது, நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான். முதலில் ஏளனம், பிறகு சட்டம். 1925-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் நடப்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகளை இயற்றிற்று. ஏனைய நகரங்கள் அதைப் பின்பற்றின. நேற்றுவரை தெருவின் உரிமையாளன், இன்று தெருவில் அத்துமீறுபவன்!

நகரத்தையே மாற்றி அமைத்தனர். வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், தொழிற்சாலை ஒரு பக்கம் என்று பிரித்துவைக்கும் மண்டலச் சட்டம் செல்லும் என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைவெளி மைல் கணக்கில் வளர்ந்தது. நடப்பதைத் தடை செய்யத் தேவையே இல்லை. நடந்து சேர இயலாத தொலைவில் வேலையை வைத்துவிட்டால் போதுமல்லவா?

1960-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அமெரிக்காவில் வேலைக்குச் செல்வோரில் 100-க்குச் சுமார் 10 பேர் நடந்து சென்றனர். இன்று 3 பேர்கூட இல்லை. அமெரிக்கர் சோம்பேறிகள் என்று எள்ளி நகையாடுவோர், பாஸ்டன் நகரைப் பார்க்கட்டும். காருக்கு முன்பே கட்டப்பட்ட அந்தப் பழைய நகரில், 2008 முதல் 2012 வரை எடுத்த கணக்கின்படி, 100-க்கு 15 பேர் நடந்தே வேலைக்குச் சென்றனர். வழி இருந்தால் மனிதன் நடக்கிறான். வழியை அடைத்துவிட்டு, அவன் கால்களைக் குறை கூறுவது என்ன நியாயம்?

அதே கணக்கு வேறோர் உண்மையையும் உரைக்கிறது. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், மிகக் குறைந்த வருவாய் உள்ள குடும்பத்தினரே மிக அதிகமாக நடந்தனர். 100-க்கு 8 பேர். விரும்பி நடப்பவர் உண்டு, மறுக்கவில்லை; வேறு வழியின்றி நடப்பவர் அவரினும் பலர்.

நெடுஞ்சாலை கொண்டு பழிவாங்கல்

மீண்டும் மாண்ட்கோமரிக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள். அந்நகரப் பெண்கள் நடந்துகொண்டிருக்கும் வேளை. அன்றுதான் வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ஐசனோவர், 41,000 மைல் நெடுஞ்சாலை அமைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். செலவில் 100-க்கு 90 பங்கு மத்திய சர்க்காரின் பொறுப்பு. கீழே மக்கள் பஸ்ஸுக்காக நடக்கின்றனர். மேலே சர்க்கார் காருக்காகக் கருவூலத்தைத் திறக்கிறது!

அந்த நெடுஞ்சாலை மாண்ட்கோமரிக்கும் வந்தது. வழியை வகுத்த மாநிலத் துறையின் இயக்குநர் சாம் எங்கல்ஹார்ட், நிறப் பிரிவினையைக் கட்டிக்காக்கவென்றே தோன்றிய வெள்ளையர் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவர். பஸ் போராட்டத்தில் கிங்கின் வலக்கரமாக விளங்கிய அபர்நாதி போன்றோர் வாழ்ந்த கறுப்பினப் பகுதியின் ஊடே, 85-ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் கோடு கிழிக்கப்பட்டது. மக்கள் மனுக் கொடுத்தனர். மாற்று வழி உண்டு என்றனர். பயனில்லை. வீடுகள் வீழ்ந்தன, தெருக்கள் துண்டுபட்டன, நேற்று நடந்து சென்ற இடத்துக்கு இன்று சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. நீதிமன்றத்தில் தோற்றவர்கள், நிலப்படத்தில் பழிதீர்த்துக்கொண்டனர்!

பஸ் என்னாயிற்று? பெட்ரோல் மீது தண்டும் வரியைச் சாலைக்கும் பாலத்துக்கும் அன்றி வேறெதற்கும் செலவிடலாகாது என்று, 1952-இலேயே அலபாமா தன் அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டது. பஸ்ஸுக்கு அதிலே பங்கில்லை. வசதி படைத்தோர் காருக்கும் புறநகருக்கும் போயினர். பஸ் ஏழையின் வண்டியாயிற்று. ஏழையின் வண்டிக்குப் பணம் தர எவரும் இல்லை. 1990-களின் பிற்பகுதியில், மாண்ட்கோமரியில் வழித்தட பஸ்களே நிறுத்தப்பட்டன. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் வரும் சிறு வண்டிகளே மிச்சம். சில ஆண்டுகள் கழித்துத்தான் வழித்தடங்கள் திரும்பின. 2000-இல் அந்நகரில் ரோசா பார்க்ஸ் பெயரால் அருங்காட்சியகம் திறந்தனர். அவர் ஏறிய பஸ்ஸுக்கு நினைவுச்சின்னம் உண்டு. அவரைப் போன்ற தையற்காரி இன்று வேலைக்குப் போக பஸ் உண்டா என்பதுதான் கேள்வி!

பரிசா, உரிமையா?

2015-இல் டெட்ராய்ட் நகர இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. 56 வயதுத் தொழிலாளி ஒருவர். கார் பழுதாகிப் பத்தாண்டுகள் ஆயின. புதிது வாங்கக் கூலி போதாது. தொழிற்சாலை இருந்த புறநகரோ, வட்டார பஸ் திட்டத்திலிருந்து தன்னை விலக்கிக்கொண்ட ஊர். ஆகவே, போகவர நாள்தோறும் சுமார் 21 மைல் நடந்தார். படித்தவர் உள்ளம் உருகிற்று. 3 லட்சம் டாலருக்குமேல் குவிந்தது. கார் ஒன்றும் பரிசாக வந்தது.

ஈந்தவர்களின் இதயத்தை நான் குறை கூறேன். ஆனால், கேட்கிறேன்: அந்த ஒருவருக்குக் கார் கிடைத்தது, அதே பாதையில், பனியிலும் இருளிலும் நடந்த மற்றவர்களுக்கு? கார் இல்லாத இல்லங்கள் அந்நாட்டில் 100-க்குச் சுமார் 8. அத்தனை பேருக்கும் பத்திரிகைச் செய்தி வருமா? இரக்கம் ஒருவருக்குக் கார் கொடுக்கும். உரிமைதான் எல்லோருக்கும் பஸ் கொடுக்கும். அதற்கு வழி என்ன? 2022 நவம்பரில் அந்தப் புறநகர்ப் பகுதியான ஓக்லண்ட் கவுண்டி மக்களே காட்டினர். எந்த ஊரும் பஸ் திட்டத்திலிருந்து விலகி நிற்க முடியாதபடி, பஸ்ஸுக்கான வரியை வாக்களித்து ஏற்றனர். நன்கொடை செய்யாததை வாக்குச்சீட்டு செய்தது.

நடப்பவருக்கு எதிரான சட்டங்களும் ஆட்டங்காணத் தொடங்கியுள்ளன. தெருவைக் கடந்ததற்காகத் தண்டிக்கும் விதியை வர்ஜினியா 2021-இல் தளர்த்தியது, கலிபோர்னியா 2023-இல், நியூயார்க் நகரம் 2024-இல். நியூயார்க்கில் 2023-இல் அக்குற்றத்துக்குச் சீட்டுப் பெற்றவரில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் கறுப்பின, லத்தீன் மக்கள். எல்லோரும் கடந்த தெருவிலே, குற்றவாளி மட்டும் நிறம் பார்த்துப் பொறுக்கப்பட்டார்!

ஆயினும், ஆபத்து தீர்ந்ததென்று எண்ணற்க. 2009-இல் அமெரிக்கத் தெருக்களில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022-இல் 7,500-க்கும் மேற்பட்டோர். நாற்பது ஆண்டுகளில் காணாத தொகை. அகன்ற சாலை, உயர்ந்த வண்டி, மிகுந்த வேகம், நெடுந்தூரத்துக்கு ஒரு கடவை. இவற்றினூடேதான் ஏழைத் தொழிலாளி வேலைக்குப் போய் வருகிறார். மாண்ட்கோமரிப் பெண்கள் நடந்தபோது, வெறியர்களுக்கு அஞ்ச வேண்டியிருந்தது. இன்று நடப்பவர், தெருவுக்கே அஞ்ச வேண்டியிருக்கிறது.

தோழர்களே! இந்த வரலாற்றின் பாடம் இதுதான். மாண்ட்கோமரி மக்கள் பஸ்ஸிலே இருக்கையைக் கேட்டனர்; நடந்தனர்; வென்றனர். அந்த வெற்றி சிறிதன்று. உலகுக்கே வழிகாட்டிய வெற்றி. ஆனால், பஸ் ஓட வேண்டுமா, எங்கே ஓட வேண்டும், வரிப்பணம் எதற்குப் போக வேண்டும், சாலை எவர் வீட்டை இடித்துக்கொண்டு போக வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலி, வேறு கைகளிலேயே இருந்தது. இருக்கையைத் தர மறுத்தவர்கள், இருக்கையைத் தந்துவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டனர்.

ஆகவே, உரிமைச் சட்டம் ஒன்று நிறைவேறிய அன்று, போராட்டம் முடிந்தது என்று வீடு திரும்பிவிடுவோர், பாதி வழியிலேயே நின்றுவிட்டவர்கள். கருவூலத்தின் சாவி எவர் கையில், வரைபடத்தின் பேனா எவர் கையில் என்று கேட்கும்வரை நடக்க வேண்டும். 381 நாட்கள் நடந்த அந்தச் சமையற்காரிகளுக்கு நாம் செலுத்தும் மரியாதை, அவர்களுக்குச் சிலை எழுப்புவது மட்டுமன்று. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் எந்த ஏழைக்கும், ஏறிட ஒரு பஸ்ஸும், அச்சமின்றி நடந்திட ஒரு பாதையும் இருக்க வேண்டும் என்று, எந்த நாட்டிலும், எந்த ஆட்சியிலும் கேட்பதுதான்.

கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்.